ஆற்று பாஸ் மீனை மே முதல் ஆகஸ்ட் வரை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

கேள்வி, 21 ஆகஸ்ட்

அண்ணா, போன கிழமைதான் நியூ சவுத் வேல்ஸ் மீன்பிடி உரிமம் எடுத்தேன். பென்ரித் பக்கம் நெப்பியன் ஆற்றில் பாஸ் பிடிக்க ஆசை. மே தொடங்கி ஆகஸ்ட் முடியுமட்டும் ஆற்றில் பாஸ் எடுக்கக் கூடாது என்கிறார்கள். ஆனால் கிளென்பான் அணையில் வருசம் முழுக்க எடுக்கலாமாம். ஒரே மீனுக்கு இரண்டு சட்டமா? அணைப் பக்கம் ஆட்களை அனுப்பக் காசுக்காகச் செய்கிற வேலை மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

22 ஆகஸ்ட், இரவு

மீன் ஒன்றுதான் தம்பி, வாழ்க்கைதான் வேறு.

ஆஸ்திரேலியன் பாஸ் நன்னீரில் வளரும், உவர்நீரில் முட்டையிடும். கோடை முழுக்க மலையடிவார மடுக்களில் இருந்த மீன், குளிர் வரும்போது ஆற்றோடு கீழே இறங்கும். நெப்பியனில் இருப்பது பென்ரித்தைத் தாண்டி, யாரமண்டியில் க்ரோஸ் ஆறு கலந்து ஹாக்ஸ்பரி என்று பெயர் மாறிய பிறகும் நிற்காமல், கடல் உப்பு ஏறி வருகிற பகுதி வரை போக வேண்டும். ஜூலையும் ஆகஸ்டும்தான் முட்டையிடும் உச்சம். முடிந்ததும் பெரிய மீன்கள் மறுபடி மேலே ஏறும். குஞ்சுகள் சில மாதம் முகத்துவாரத்தில் வளர்ந்துவிட்டுப் பின்னால் ஏறி வரும். மே முதல் ஆகஸ்ட் 31 வரை தடை இருப்பது இந்தப் பயணத்துக்காகத்தான்.

அணை மீனுக்கு இந்தப் பயணமே கிடையாது. கிளென்பான், செயின்ட் கிளேர், தெற்கே ப்ரோகோ என்று எந்த அணையை எடுத்தாலும் அங்கே இருக்கும் பாஸ் குஞ்சுப் பண்ணையில் பிறந்து, விரல் நீளத்தில் கொண்டுவந்து விடப்பட்டது. அது அங்கேயே கொழுக்கும், ஆற்று மீனைவிடப் பெரிதாகவும் வளரும், ஆனால் அணைக்குள் பெருகவே பெருகாது. குளிர்காலத்தில் ஒன்றை எடுத்தால் அடுத்த தலைமுறையில் ஒன்றும் குறையப் போவதில்லை. அதனால்தான் அங்கே தடை இல்லை.

காசு விஷயம்: நீ கட்டிய உரிமக் கட்டணம் பொழுதுபோக்கு மீன்பிடிக்கான அறக்கட்டளை நிதிக்குப் போகிறது. அணைகளில் குஞ்சு விடுவதற்கு அதிலிருந்தும் பணம் வருகிறது. நீ ஆற்றுக்குப் போனாலும் அணைக்குப் போனாலும் கட்டணம் ஒன்றுதான்.

23 ஆகஸ்ட்

அளவு என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தடை இல்லாத மாதங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு. ஆற்றில் அந்த இரண்டில் ஒன்றுதான் 35 செ.மீ.க்கு மேல் இருக்கலாம். பாஸும் எஸ்சுவரி பெர்ச்சும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும்; பெர்ச்சுக்கு நெற்றி கொஞ்சம் குழிந்து மூக்கு நீண்டிருக்கும், பாஸுக்கு நெற்றி நேராக இறங்கும். தடைக்காலத்தில் ஆற்றிலும் முகத்துவாரத்திலும் எண்ணிக்கை பூஜ்யம். வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் மாட்டினாலும் காயம் படாமல் உடனே விட வேண்டும். விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் விதி வேறு. எல்லை தாண்டுகிறவர்கள் அந்த மாநிலத்தின் விதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

23 ஆகஸ்ட், இரவு

"பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிறேன், அதில் என்ன தப்பு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கோபத்தோடு கேட்டிருந்தாலும் நல்ல கேள்விதான்.

முட்டை சுமந்த மீன்கள் ஆற்றின் ஒரு சிறு பகுதியில் நெருங்கி நிற்கிற காலம் அது. கோடையில் மைல் கணக்கில் பரவியிருந்தவை ஒரு வளைவில் கூடியிருக்கும். அங்கே தூண்டில் போட்டால் அடுத்தடுத்து அடிக்கும், கையைக் கழுவிவிட்டுக் கிளம்பவே மனம் வராது. அதுதான் ஆபத்து. ஒரே கூட்டத்தை ஒரு மத்தியானம் முழுக்கக் கலைக்கிறோம். பாஸ் லட்சக்கணக்கில் முட்டையிடும், உண்மைதான். ஆனால் எல்லா வருடமும் இடும் என்று இல்லை. மழை பொய்த்து ஆறு மெலிந்து இறங்க முடியாமல் போனால், பெண் மீன் முட்டையை உடம்புக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும். அந்த வருடம் அந்த ஆற்றில் குஞ்சே இருக்காது. ஆறு ஓடி, மீன் இறங்கி, எல்லாம் கூடி வருகிற வருடங்கள் குறைவு. அப்படிப்பட்ட ஒரு வருடத்தில் நாம் போய்த் தொந்தரவு செய்ய வேண்டுமா?

எடுத்து வைக்காதே என்கிறது சட்டம். அந்த நாலு மாதமும் தேடியே போகாதே என்கிறேன் நான். கைக்கு வேலை வேண்டும் என்றால் அணைக்குப் போகலாம், கடற்கரையில் பிளாட்ஹெட் மீன் பிடிக்கலாம்.

27 ஆகஸ்ட்

"பெரிய பாஸ் எல்லாம் பெண். கொடுவா மாதிரி ஆணாக இருந்து பெண்ணாக மாறுகிறது" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு.

கொடுவா அப்படித்தான். இங்கே பாரமுண்டி என்று விற்பதும் அதே கொடுவாதான். சில வருடம் ஆணாக இருந்துவிட்டுப் பெண்ணாக மாறும். பாஸ் மாறாது. ஆண் பாஸ் கடைசி வரை ஆண்தான், அது ஒரு கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். பெண் அதைவிடப் பெரிதாக வளரும். ஆண் மூன்று வயதை ஒட்டித் தயாராகும். பெண்ணுக்கு ஐந்தாறு வயது வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆண்கள் பெரும்பாலும் ஆற்றின் கீழ்ப்பகுதியிலேயே நின்றுவிடும். மேலே, மலைப் பள்ளத்தாக்குகளில் ஏறி நிற்பவை பெரும்பாலும் பெண்கள். அதனால் நெப்பியன் மேற்பகுதியில் கயாக்கில் போய் 45 செ.மீ. மீன் ஒன்றைத் தூக்கினால், நீங்கள் தூக்கியது பல தடவை கீழே போய் முட்டையிட்டு மறுபடி ஏறி வந்த ஒரு தாயை. பாஸ் மெதுவாக வளரும் மீன். இருபது வயதைத் தாண்டியவையும் பதிவாகியிருக்கின்றன. ஆற்றில் சராசரி மீன் அரைக் கிலோதான், ஒரு கிலோ வந்தாலே நல்ல மீன். 35 செ.மீ.க்கு மேல் ஒன்றே ஒன்று என்ற விதி எனக்குப் போதவில்லை. ஆற்றில் அந்த அளவுக்கு மேல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது என்று வைத்தால் சந்தோஷப்படுவேன். என் தூண்டிலில் வந்தவை எல்லாம் திரும்பப் போய்விட்டன, இனியும் போகும்.

28 ஆகஸ்ட்

பெண்டில் ஹில்லில் இருக்கும் அக்கா கேட்டது: குழம்புக்கு நல்லா இருக்குமா?

இருக்கும். வெள்ளைச் சதை, நல்ல ருசி. சட்டப்படி இரண்டு எடுத்துவந்து சமைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். வீட்டுக்குச் சாப்பிடத்தான் மீன் என்று வளர்ந்தவர்கள் நாம். எடுப்பதானால் அக்கா, முப்பது செ.மீ. ஒட்டியதை எடுங்கள், பெரியதை விட்டுவிடுங்கள். வாரா வாரம் குழம்பு வைக்க என்றால் கடையில் மடவை வாங்கலாம். விலையும் குறைவு, புளிக்கும் அதுதான் நன்றாக நிற்கும்.

1 செப்டம்பர்

இன்று ஆறு திறந்தது. தம்பி போயிருப்பான் என்று நினைக்கிறேன்.

2 செப்டம்பர்

போகவில்லையாம், என்ன ராட் வாங்குவது என்று கேட்கிறான்.

பெரிதாக எதுவும் வேண்டாம். ஆறரை, ஏழு அடியில் இரண்டு முதல் நாலு கிலோ நரம்புக்கான ஸ்பின் ராட், 2500 அளவு ரீல், ஆறு பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), நுனியில் பத்து பவுண்டு லீடர் (லூரைக் கட்டும் தனி நரம்பு). லீடரில் கஞ்சம் பார்க்காதே. பாஸ் அடித்ததும் முதலில் செய்கிற காரியம், வந்த மரத்துக்குள்ளேயே திரும்பப் பாய்வது. முதல் இரண்டு நொடியில் அதை வெளியே இழுக்கவில்லை என்றால் லூரும் (போலி இரை) போகும், வாயில் கொக்கியோடு மீனும் போகும். ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு இழுபடும்போது தடுக்கும் பிடியை, நீ நினைப்பதைவிட இறுக்கமாக வை.

லூர் வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று: கொக்கி முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கிவிடு. மூன்று முனைக் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி போட்டால் இன்னும் நல்லது. மீன் தப்பும் என்று பயப்படாதே, நரம்பு தொய்யாமல் வைத்திருந்தால் தப்பாது.

6 செப்டம்பர்

கையில் பிடிப்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். விட்டுவிடுகிறேன் என்று சொல்கிறவர்களில் பலர் விடுவதற்கு முன்பே மீனைக் கெடுத்துவிடுகிறார்கள்.

வலை ரப்பர் பூசியதாக இருக்கட்டும். மீன் வலைக்குள் வந்ததும் வலையோடு தண்ணீரிலேயே கிடக்கட்டும். அவசரப்படாமல் ஒரு நிமிடம் பாருங்கள். முதுகு பச்சைவெண்கலம், பக்கவாட்டில் பொன் ஏறியிருக்கும், வயிறு வெளுத்திருக்கும். மணல் படுகையில் தெளிந்த தண்ணீரில் இருந்தது என்றால் முழுக்கப் பொன்னாக இருக்கும். இலைச்சாறு இறங்கித் தேநீர் நிறத்தில் ஓடும் ஓடையில் இருந்தது என்றால் கறுத்துக் கிடக்கும். கண் பெரிது, கறுப்பு. முதுகுத் துடுப்பின் முன்பாதி முழுக்க முள். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது செவுள் மூடி. அதன் விளிம்பில் தட்டையான முள் இருக்கிறது, சவர பிளேடுதான் அது. செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்குவது நம்ம ஊர்ப் பழக்கம். இந்த மீனிடம் அதைச் செய்தால் விரல் ஆழமாகக் கிழியும், மீனுக்கும் செவுள் போகும். கையை நனைத்துக்கொண்டு, கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்து, மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள். உதட்டில் மட்டும் தொங்கவிட்டால் பெரிய மீனுக்குத் தாடை நொடித்துப் போகும். கொக்கியைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றப் பாருங்கள். படம் எடுக்க வேண்டும் என்றால் கேமராவைத் தயாராக வைத்துவிட்டுப் பிறகு தூக்குங்கள்.

ஜனவரி வெயிலில் தண்ணீர் சூடாக இருக்கும்போது எல்லாவற்றையும் இன்னும் வேகமாகச் செய்ய வேண்டும்.

அணையில் ஆழத்திலிருந்து ஏற்றிய மீனுக்கு வேறு தொல்லை. காற்றுப்பை உப்பி மேலே மிதக்கும். அங்கே ஆழம் குறைந்த இடத்தில் பிடிப்பதுதான் வழி.

19 செப்டம்பர்

ஷோல்ஹேவன் ஆற்றைப் பற்றி ஒருவர் கேட்டார். அந்த ஆற்றின் கதை இந்த இழைக்கே உரியது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஷோல்ஹேவனும் கங்காரு ஆறும் கூடும் இடத்தில் 1976-ல் டலோவா அணை கட்டி முடிந்தது. உயரம் 43 மீட்டர். மேலே இருந்த பாஸ் கீழே முட்டையிட்டு வந்தால் ஏற வழியில்லை. குஞ்சுகளுக்கும் வழியில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. குஞ்சு வாங்கி விட்டதால்தான் மேலே மீன் என்று ஒன்று இருந்தது. 2009-ல் அங்கே மீன் லிஃப்ட் ஒன்று வைத்தார்கள். அணையின் அடியில் வந்து முட்டி நிற்கும் மீன்களைத் தொட்டியில் சேர்த்து, தண்ணீரோடு அப்படியே மேலே தூக்கி, நீர்த்தேக்கத்தில் விடுகிற ஏற்பாடு. கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த கையோடு ஒரு கோபமும் வந்தது: முதலிலேயே யோசித்திருக்கலாமே.

நெப்பியனில் தடுப்பணைகள் பலவற்றுக்கு மீன்படி கட்டியிருக்கிறார்கள். படி என்றால் ஏணி போல நினைக்க வேண்டாம். அடுத்தடுத்து சின்னச் சின்ன தொட்டிகள், இடையில் நெடுக்குப் பிளவு. மீன் ஒரு தொட்டியில் இளைப்பாறி அடுத்ததற்கு ஏறும்.

ஆனால் வாரகம்பா? 1960-ல் முடிந்த அணை, 142 மீட்டர். அதற்கு மீன்வழி எதுவும் இல்லை. காக்ஸ், வொலண்டில்லி என்று அதற்கு மேலே இருக்கும் அத்தனை ஆறும் இந்த மீனுக்கு அடைபட்டுப் போயின. சிட்னியில் குழாயைத் திறக்கிற நம்மில் பெரும்பாலோர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

20 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அணையை உடைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. ஐம்பது லட்சம் பேருக்குத் தண்ணீர் வேண்டும். கட்டும்போதே மீனுக்கும் வழி வைக்கலாம், பழையதில் முடிந்த இடத்தில் வைக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ராத்திரி படுத்து யோசித்தபோது இன்னொன்றும் தோன்றியது. பெரிய அணையை எல்லோரும் பார்க்கிறோம். பண்ணைச் சாலைக்குக் கீழே போகிற ஒரு சிறிய சிமெண்டுக் குழாய் ஒரு ஓடையை முழுசாக மூடிவிடும், அதை யாரும் பார்ப்பதில்லை. குழாயின் வாய் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கினால் விரல் நீளக் குஞ்சுக்கு அது மதில்தான்.

11 நவம்பர்

சில்வண்டு கத்தத் தொடங்கிவிட்டது! பாஸ்காரர்களுக்கு இதற்கு மேல் நல்ல செய்தி கிடையாது.

நெப்பியன் கரையில் இருப்பது சவுக்கு மரம். நம்ம ஊர்க் கடற்கரைச் சவுக்கின் நெருங்கிய உறவு. காற்று அடித்தால் அதே இரைச்சல். கறுப்பாக ஒரு சில்வண்டு இந்தச் சவுக்குகளில்தான் அதிகம் இருக்கும், பிளாக் பிரின்ஸ் என்று பெயர். பச்சையாகப் பெரிதாக இருப்பது கிரீன் க்ரோசர். என் மகளின் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம், பிளாக் பிரின்ஸைக் கண்டுபிடித்தவனுக்கு அன்றைக்குத் தனி மரியாதை. பல வருடம் மண்ணுக்குள் வேரை உறிஞ்சிக் கிடந்துவிட்டு ஒரு கோடையில் வெளியே வரும். எல்லாக் கோடையும் ஒரே மாதிரி வராது. இந்த வருடம் சத்தம் காதைப் பிளக்கிறது.

சில்வண்டு தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, இறக்கை அடித்துச் சுற்றும். வட்டம் வட்டமாக அலை போகும். சில நொடி. அப்புறம் 'மளக்' என்று ஒரு சத்தம், வண்டு இருந்த இடத்தில் ஒரு குமிழி. இதைப் பார்த்துக்கொண்டாலே போதும், எப்படி லூர் போடுவது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். கிளையின் நிழலுக்குள், கரையிலிருந்து ஒரு கை அகலத்தில் லூர் விழ வேண்டும். விழுந்ததும் ஒன்றும் செய்யாதே. அலை எல்லாம் அடங்கட்டும். பிறகு நுனியை ஒரு துளி அசை. மறுபடி நிறுத்து. பெரும்பாலும் நிறுத்திய நேரத்தில்தான் அடி விழும். அடித்த சத்தத்துக்கே ராடைச் சுண்டினால் லூர் மீன் இல்லாமல் வெறுமனே பறந்து வரும், பாரம் கையில் தெரிந்த பிறகு இழு.

நேரம்: சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகு வருகிற ஒரு மணி நேரம். பகலில் மரத்தடியில் ஆழமாக இறங்கும் லூர் அல்லது ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த லூர்) போடலாம், மீன் வரும். ஆனால் மேல்தண்ணீரில் அது எழும்பி அடிப்பதைப் பார்த்தவனுக்கு மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

12 நவம்பர்

ஆற்றில் விழுந்த மரத்தைப் படகுக்கு இடைஞ்சல் என்று வெட்டி எடுக்கச் சொல்லி மனு போடுகிறார்களாம். கையெழுத்துப் போடாதீர்கள். அந்த மரம்தான் பாஸின் வீடு. வெயிலுக்கு நிழல், பறவையிடமிருந்து மறைவு, இறால் குஞ்சுக்கு ஒட்ட இடம், எல்லாம் அதுதான். ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஆறுகளைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று மரங்களைப் பிடுங்கினார்கள். இப்போது செலவு செய்து அவற்றைத் திரும்ப ஆற்றில் போடுகிறார்கள்.

3 டிசம்பர்

மழை அதிகமானால் மீனுக்கு நல்லதுதானே என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் நல்லதுதான், குளிர்காலத்தில் ஆறு பெருகினால்தான் இறங்குவதும் குஞ்சு பிழைப்பதும் நன்றாக நடக்கும். ஆனால் மழை எதை அடித்துக்கொண்டு வருகிறது என்பதைப் பொறுத்தது. 2020 ஜனவரியில் காட்டுத்தீக்குப் பின்னால் பெய்த மழை சாம்பலை ஆற்றில் தள்ளியது, மெக்லே ஆற்றில் மீன்கள் மூச்சு முட்டிக் கூட்டமாகச் செத்து ஒதுங்கின. பாஸும் அதில் இருந்தது. 2022 வெள்ளத்துக்குப் பிறகு ரிச்மண்ட் ஆற்றிலும் அதே மாதிரி. வயல்வெளியில் தேங்கி அழுகிய தண்ணீர் ஆற்றுக்குத் திரும்பும்போது உயிர்க்காற்றே இருக்காது. செத்த மீன் கூட்டமாக மிதப்பதைப் பார்த்தால் இங்கே எழுதுவதோடு நிற்காமல் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

28 டிசம்பர்

தம்பிக்கு முதல் பாஸ் கிடைத்துவிட்டது! பென்ரித்துக்கு மேலே, எர்ஸ்கின் ஓடை வாயருகே, சாயங்காலம். படம் அனுப்பியிருக்கிறான். 31 செ.மீ. இருக்கும், பொன் ஏறிய மீன். வயிற்றைத் தாங்கிப் பிடித்திருக்கிறான், கை நனைந்திருக்கிறது, மீனுக்குக் கீழே வலை தண்ணீரில் இருக்கிறது. ரொம்ப சந்தோஷம் தம்பி. லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருக்கிறாய். அங்கே வேகப்படகு கிளப்பும் அலைக்கு அது அவசியம்.

கூடவே கேட்ட கேள்வி: நண்பரின் பண்ணைக் குட்டையில் கொண்டுபோய் விடலாமா?

வேண்டாம். ஆற்று மீனை உயிரோடு வேறு தண்ணீருக்கு மாற்றாதே. நோய் போகும், மலைத்தொடருக்கு மேற்கே இருக்கும் குட்டை என்றால் வெள்ளத்தில் வழிந்து பாஸ் இயல்பாக இல்லாத ஆற்றிலும் சேரும். குட்டையில் அது முட்டையும் இடாது. நண்பருக்கு ஆசை இருந்தால் அனுமதி பெற்ற குஞ்சுப் பண்ணையில் கேட்கச் சொல், எந்த ஆற்று வழி மீன் அவருடைய இடத்துக்குப் பொருந்தும் என்று அவர்களே சொல்வார்கள். நீ பிடித்ததை விட்டுவிட்டாய்தானே? அடுத்த வாரம் வெயில் 40-ஐத் தொடும் என்கிறார்கள், அந்த நாட்களில் போகாதே. தெற்குக் காற்று மாறி ஒரு நாள் குளிர்ந்த பிறகு போ, பாப்பர் (மேல்தண்ணீரில் சத்தமிடும் லூர்) ஒன்றும் கறுப்புச் சில்வண்டு லூர் ஒன்றும் எடுத்துக்கொள்.